மூழ்கிய நாடும் ஏறிய மலையும்

இழந்த நிலத்தைப் பற்றிய ஐதிகங்களைக் கருவாகக் கொண்ட அற்புதக் கற்பனைப் புனைவுகளை ஆராயப் புகுவோர் நம் மொழியில் தென்கடலையே நோக்கி நின்றுவிடுவது வழக்கமாகிவிட்டது. சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடையே 700 காவதப் பரப்பில் 49 நாடுகள் இருந்து கடல்கோளில் அழிந்தன என்று வகுத்துரைத்த செய்தியும், மடகாஸ்கர் தீவின் விலங்கினங்களை ஆராய்ந்த பிலிப் ஸ்கிளேட்டர் 1864இல் ஊகித்துப் பெயரிட்ட லெமூரியாவும், அவ்வூகத்தை 1888இல் மானிட இனங்களின் பூர்விக வரலாற்றோடு பிணைத்த பிளாவட்ஸ்கி அம்மையாரின் தியாசபிக் கற்பனையும் ஒன்றோடொன்று கலந்து, இருபதாம் நூற்றாண்டில் குமரிக்கண்டம் என்னும் ஒரே சித்திரமாகிவிட்டன. கண்டங்களே நகர்கின்றன என்பது நிறுவப்பட்டபின் விலங்கியலுக்கு அந்த நிலப்பாலம் வேண்டாததாயிற்று. கதைக்கோ அதன்பால் உள்ள மோகம் இன்றளவும் தணியவில்லை.

கற்பனையை நான் ஆட்சேபிக்கவில்லை. கடலடியில் கிடக்கும் நாட்டை எவரும் சென்று காணவியலாதாகையால், புனைவாசிரியர் அதில் கலப்பற்ற குலத்தையும் குறையற்ற அரசையும் தடையின்றிக் குடியேற்றிவிடுகிறார். இழப்பின் துயரம் மெல்ல மறைந்து, இழந்ததன் பெருமிதம் மட்டும் எஞ்சுகிறது. இதுவே என் வருத்தம்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கமாகிய கல்வராயன் மலையில் வாழும் மலையாளி என்னும் பழங்குடியினரிடம் வேறுவகையான ஐதிகம் ஒன்று வழங்குகிறது. 1909இல் வெளியான தர்ஸ்டனின் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய தொகுப்பிலும் இடம்பெற்ற அந்த ஐதிகத்தின்படி, அவர்களுடைய முன்னோர் காஞ்சிபுரத்தை விட்டுப் புறப்பட்ட சகோதரர் மூவர். தம் தெய்வத்தையும் உடன்கொண்டு வந்து, சேர்வராயன், கொல்லி, பச்சைமலை முதலிய மலைகளில் பிரிந்து குடியேறி, வேறு வேறு குலத்துப் பெண்களை மணந்து சந்ததி பெருக்கியவர்கள். எந்தச் சகோதரன் எந்த மலைக்கு உரியவன் என்பதில் மலைக்கு மலை கதை மாறுபடுகிறது. இந்த ஐதிகத்தை முதன்முதலில் படித்தபோது என்னை ஆட்கொண்ட வியப்பு இன்னும் நீங்கவில்லை. இவர்கள் இழந்த நாடு கடலில் மூழ்கவில்லை. காஞ்சி இன்றும் அங்கேயே இருக்கிறது. தங்கள் இரத்தம் கலப்பற்றது என்று சொல்லிக்கொள்வதற்கும் இக்கதை இடந்தரவில்லை. மூதாதையரைப் பற்றிப் பேசும்போதே கலப்பை முன்வைத்துப் பேசுகிறது.

ஏறிய மலையும் சுவர்க்கமாயிருக்கவில்லை. விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் அளித்ததாகச் சொல்லப்படும் உரிமையின் பேரில் சடையக்கவுண்டன், குறும்பக்கவுண்டன், அரியக்கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்களாகப் பிரிந்து கிடந்த இம்மலையில், ஊதியமின்றி உழைத்துக் கொடுக்கும் கடமை குடிகளின் தோள்மீது நெடுங்காலம் கிடந்தது. 1976இல் அரசு ஜாகீர்களை எடுத்துக்கொண்ட பிறகே அந்த ஆட்சி முடிந்தது. இம்மலையிலுள்ள வெள்ளிமலையையோ கரியாலூரையோ களமாகக் கொண்டு அற்புதக் கதை எழுதப் புகும் ஒருவர், தெய்வத்தைச் சுமந்து ஏறிய அந்தச் சகோதரர்களோடு, அவர்கள் வழித்தோன்றல்கள் பிறர் நிலத்தில் சுமந்த சுமையையும் சேர்த்தே எழுத வேண்டியவராவார்.

இவ்வழியில் நடந்த புனைவு நமக்கு முற்றிலும் இல்லாமலில்லை. ஆனந்த விகடனில் தொடராக வந்த சு. வெங்கடேசனின் 'வேள்பாரி', விலங்கும் மூலிகையும் தெய்வமும் நிறைந்த அற்புத உலகமாகப் பாரியின் பறம்பு நாட்டை விரித்தபோதும், அதை அழிக்கக் கடலை வரவழைக்கவில்லை. மூவேந்தரின் பேராசையே அந்நாட்டுக்குப் போதிய ஊழிக்காலமாக அமைகிறது. பாரி மறைந்தபின் அவன் மகளிரோடு அவன் நண்பராகிய புலவர் கபிலர் வந்து சேர்ந்ததாக மரபு கூறும் இடம், கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கிழக்கிலுள்ள திருக்கோவலூர், அதாவது இன்றைய திருக்கோயிலூர். அவ்வூர் வீரட்டானத்தில் முதலாம் இராஜராஜன் காலத்துக் கல்வெட்டு, பாரி மகளை மலையமானுக்கு ஈந்தபின் கபிலர் தீப்புகுந்ததைச் சொல்கிறது. பறம்பும் காஞ்சியைப் போலவே மூழ்காத நாடு. அதைப் பறிகொடுத்தவர்கள் பெண்ணையாற்றங்கரைவரை நடந்தே வந்தார்கள். கபிலர் உயிர்நீத்த இடமென்று ஊரார் காட்டும் கபிலர் குன்று அந்த ஆற்றின் நடுவே, தலையில் சிறு கோயிலொன்றைத் தாங்கி நிற்கிறது.