அவுரி நீலம்

ஒரே பகலில் ஜார்ஜ்டவுனின் பழம்பெரும் மாளிகைகள் அனைத்தையும் கண்டுவிடத் துணிந்து தோழியர் ஐவர் புறப்பட்டோம். சர்ச் தெருவில் கப்பித்தான் சுங் கெங் குவீயின் பச்சை மாளிகையை விரைந்து பார்த்து வெளியேறினோம். லீத் தெருவின் நீல மாளிகையிலோ கால்கள் நகர மறுத்தன.

சீனப் பெருவணிகர் சியோங் ஃபாட் சீ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டத் தொடங்கிய இல்லம் அது. 38 அறைகள், 5 முற்றங்கள், 220 சன்னல்கள். தூண்களின் இரும்பு ஸ்காட்லாந்தினது என்று வியந்த தோழியர், சுண்ணாம்பிற் கலந்த நீலம் இந்திய அவுரி என்றதும் சுவரைத் தொட்டே பார்த்தனர்!

கடைசி மகன் உள்ளவரை வீட்டை விற்கலாகாது என உயிலெழுதி, 1916இல் அவர் மறைந்தார். உயில் விற்பனையைத் தடுத்ததே அன்றிச் சிதைவைத் தடுக்கவில்லை. அறைதோறும் வாடகைக் குடித்தனங்கள் புகுந்தன, கூரை ஒழுகியது. 1989இல் அம்மகனும் காலமானபின், பினாங்கின் மரபுக் காவலர் சிலர் அதனை விலைக்கு வாங்கிச் செப்பனிட்டனர். 2000இல் யுனெஸ்கோவின் மரபுடைமை விருது கிட்டியது.

“பினாங்குத் தெருவிலுள்ள நம் செட்டியார் கிட்டங்கிகளை யார் வாங்கிக் காப்பார்?” என்று ஒருத்தி வினவினாள். எவரும் விடை கூறவில்லை. முற்றத்தில் மழை இறங்கிற்று. எஞ்சிய மாளிகைகளை மறந்து, அது ஓயும்வரை அங்கேயே நின்றிருந்தோம்.