டிஷ் எந்தப் பக்கம் பார்க்கிறது?



ஓசூர்ப் பக்கம் ஒரு வீட்டில் எந்த மொழி டிவி ஓட வேண்டும் என்பதை ஒரு காலத்தில் வீட்டுக்காரர் முடிவு செய்யவில்லை. மொட்டை மாடி ஆண்டெனாதான் முடிவு செய்தது.

சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஆனால் சென்னை நமக்கு 300 கிலோமீட்டர். தரையில் நிற்கும் கோபுரத்தின் அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். பூமியின் வளைவும் மலைகளும் அதைத் தடுத்துவிடும். பெங்களூரோ 40 கிலோமீட்டர்தான். அங்கே 1981இல் நிலையம் வந்ததும், ஓசூர் ஆண்டெனாக்கள் வடமேற்கே திரும்பின. சிப்காட் வேலைக்காக மதுரை, திருநெல்வேலியிலிருந்து வந்து குடியேறியவர்கள்கூடக் கன்னடச் செய்தி பார்த்தார்கள். அதில் ஒரு நன்மையும் உண்டு, பல பிள்ளைகள் கன்னடம் கற்றுக்கொண்டார்கள். ஆனால் சொந்த மொழியில் ஒரு நாடகம் பார்க்க வழி குறைவு.

வானத்திலிருந்து டிவி வருவது அப்போதே புதிதல்ல. 1975-76இல் அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக 6 மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நடந்தது. கம்பிவலையால் செய்த 3 மீட்டர் டிஷ்கள் அவை. கர்நாடகம் அதில் இருந்தது, தமிழ்நாடு இல்லை.

1991க்குப் பிறகு கேபிள்காரர்கள் பெரிய டிஷ் வைத்தார்கள். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. செயற்கைக்கோள் நிற்பது 36,000 கிலோமீட்டர் உயரத்தில். அங்கிருந்து பார்த்தால் அத்திப்பள்ளி எது, ஜூஜூவாடி எது? ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசும் வீடுகள் இருக்கும் நம் ஊரில், ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் மொழி கிடைத்தது அப்போதுதான்.

2003க்குப் பிறகு வீட்டுக்கு வீடு சிறிய டிஷ் வந்தது. பழைய சி-பேண்ட் அலையின் நீளம் சுமார் 7.5 சென்டிமீட்டர். கேயூ-பேண்டுக்குச் சுமார் 2.5தான். செயற்கைக்கோளின் சக்தியும் கூடியது, அதனால் 60 சென்டிமீட்டர் தட்டே போதும். அதற்கு விலை மழை. கேயூ அலையை மழைத்துளிகள் அதிகமாக உறிஞ்சிவிடும்.

2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்சாரக் கோளாறு ஏற்பட்டு, பாதி டிரான்ஸ்பாண்டர்களை நிறுத்த வேண்டியதாயிற்று. சன் டைரக்ட் சேவை மீசாட்-3க்கு மாறியது. 93.5 பாகையிலிருந்து 91.5 பாகைக்கு, வெறும் 2 பாகை. ஆனால் 60 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்கு அந்த 2 பாகை பெரிய விலகல். அதனால் மாடி மாடியாக ஏறி டிஷ்ஷைத் திருப்ப வேண்டியிருந்தது.

இந்த வரலாற்றிலேயே டிஷ் வாங்குவதற்கான பாடமும் இருக்கிறது.

முதலில் திசை. 93.5 பாகைச் செயற்கைக்கோள் ஓசூரிலிருந்து தென்கிழக்கே, அடிவானத்திலிருந்து சுமார் 66 பாகை உயரத்தில் இருக்கிறது. டிஷ்ஷைவிட 9 மீட்டர் உயர்ந்த தென்னை, அந்தத் திசையில் 4 மீட்டருக்குள் நின்றால்தான் மறைக்கும். சேவைக்குச் சேவை இந்தத் திசை மாறும்.

அடுத்து அளவு. 90 சென்டிமீட்டர் தட்டின் பரப்பு 60இன் பரப்பைப் போல 2.25 மடங்கு (ஆரத்தின் வர்க்கம் நினைவிருக்கிறதா?). மழைக்கு அடிக்கடி படம் நின்றுபோகும் வீட்டுக்கு அது உதவும். ஆனால் பெரிய தட்டு காற்றை அதிகம் வாங்கும், குறியும் இன்னும் துல்லியமாக இருக்க வேண்டும். ஆகவே தட்டின் விலையைப் பார்ப்பதற்கு முன் அசையாத குழாயும் இறுக்கமான போல்ட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒயர் இணைப்பில் தண்ணீர் புகாமல் டேப் சுற்றுங்கள்.

உங்கள் வீட்டு முதல் ஆண்டெனா எந்தப் பக்கம் பார்த்தது, என்ன மொழி பேசியது? கீழே எழுதுங்கள். நான் ஒவ்வொன்றையும் படிப்பேன்.