நாக்கை நீட்டியபடி கிடந்த இனோகி: 40 வருடமாகத் தீராத ஒரு வழக்கு

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

போன வாரம் இடைவேளை நேரம் தரம் 9 மாணவர்கள் இருவர் கைகலப்புக்கே வந்துவிட்டார்கள். விசாரித்தால் காரணம் ரெஸ்லிங். ஒருவனுக்குப் பிடித்த வீரர் தோற்றுவிட்டாராம், "அது கள்ள முடிவு" என்று அவன் சொல்லியிருக்கிறான். மற்றவன், "எல்லாமே நடிப்புத்தானேடா, அதுல என்ன கள்ளம்?" என்று சிரித்திருக்கிறான். விலக்கப் போன எம்மிடமும் அதையே கேட்டான். "சேர், யாரு வெல்றதெண்டு முன்னுக்கே முடிவு பண்ணித்தானே வாறாங்க. பிறகு அது எப்படி கள்ளமாகும்?"

மணி அடித்துவிட்டது, பதில் சொல்ல நேரமிருக்கவில்லை. ஆனால் நல்ல கேள்வி. ஜப்பானில் ஒரு மண்டபம் நிறைந்த சனம் இதே கேள்விக்குத் தமது முறையில் பதில் சொல்லியிருக்கிறது. அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறோம்.

கதையின் நாயகன் அன்டோனியோ இனோகி. நம் வாப்பாமார் காலத்து ஆட்களுக்கு இந்தப் பெயர் முஹம்மது அலியோடு சேர்ந்துதான் நினைவுக்கு வரும். 1976 ஜூன் 26ஆந் திகதி டோக்கியோவில் அலியோடு 15 சுற்றுகள் மோதியவர் இவர்தான். பெரும்பாலான நேரம் நிலத்தில் மல்லாந்து கிடந்து அலியின் கால்களையே உதைத்தார். முடிவு சமநிலை. சனம் குப்பையை எறிந்தது. ஆனால் அலியின் கால்கள் வீங்கி வைத்தியசாலைக்குப் போகவேண்டி வந்தது. அதே வருடம் டிசம்பரில் கராச்சியில் அக்ரம் பஹில்வானோடு மோதி அவருடைய கையையே முறித்தார். ஆகவே ஜப்பானிய ரசிகர்களுக்கு ஒரு எண்ணம் இருந்தது: மற்றவர்கள் எப்படியோ, இந்த மனிதரிடம் நிஜம் இருக்கிறது. பின்னால் நடந்ததை விளங்க இந்த எண்ணத்தை மனதில் வைத்திருக்க வேண்டும்.

இனோகி 1943இல் யொகொஹாமாவில் பிறந்தார். பதின்ம வயதில் குடும்பத்தோடு பிரேஸிலுக்குக் குடிபெயர்ந்து கோப்பித் தோட்டத்தில் உழைத்தார். ஜப்பானிய தொழில்முறை மல்யுத்தத்தின் தந்தை எனப்படும் ரிகிதோசான்தான் 1960இல் அவரைக் கண்டெடுத்து நாட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். அதே வருடம் செப்டம்பர் 30ஆந் திகதி, ஒரே நாளில் இருவர் அறிமுகமானார்கள். ஒருவர் இனோகி, மற்றவர் ஜயன்ட் பாபா. வாழ்நாள் முழுக்க இருவரும் போட்டியாளர்கள். 1972இல் இருவரும் தனித்தனிக் கம்பனி தொடங்கினார்கள். இனோகியுடையது நியூ ஜப்பான், பாபாவுடையது ஆல் ஜப்பான்.

இங்கேதான் சிக்கல். அக்காலத்தில் உலக சம்பியன் என்றால் அமெரிக்காவின் என்.டபிள்யூ.ஏ. அமைப்பின் சம்பியன்தான். அந்தக் கதவின் சாவி பாபாவிடம் இருந்தது. இனோகி எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அந்தப் பட்டிக்குக் கிட்டப் போக முடியாது. கதவு திறக்காவிட்டால் என்ன செய்வது? சொந்தமாக ஒரு வீட்டைக் கட்டுவதென்று இனோகி முடிவெடுத்தார். உலகத்தில் சம்பியன் பட்டங்கள் மலிந்துவிட்டன, எல்லாவற்றையும் ஒன்றாக்கி உண்மையான முதல்வன் யாரென்று ஒரு சுற்றுப்போட்டி வைத்துக் கண்டுபிடிப்போம் என்று அறிவித்தார். அதற்கு இட்ட பெயர் ஐ.டபிள்யூ.ஜி.பி. தன்னிடமிருந்த என்.டபிள்யூ.எஃப். பட்டியையும் 1981இல் இதற்காகவே கைவிட்டார். பல நாடுகளில் சுற்றுகளை நடத்தி, இறுதிப் போட்டியை நியூயோர்க்கில் வைப்பதுதான் முதல் திட்டம். அது சுருங்கிச் சுருங்கி ஜப்பானுக்குள்ளேயே நடக்கும் ஒன்றாக முடிந்தது. பெரிய கனவுகளுக்கு வழமையாக நடப்பதுதான்.

என்றாலும் 1983 மே மாதம் போட்டி தொடங்கியபோது நாடே பார்த்தது. அன்ட்ரே த ஜயன்ட் வந்தார். மெக்சிகோவிலிருந்து கனெக், ஒஸ்ட்ரியாவிலிருந்து ஒட்டோ வான்ஸ் வந்தார்கள். ஐரோப்பாவின் பிரதிநிதியென்று அக்கிரா மயேதா என்ற ஜப்பானிய இளைஞரையே இறக்கினார்கள் (இதைப் பார்த்து அன்றே சிலர் சிரித்திருப்பார்கள்). அமெரிக்காவிலிருந்து வந்தவர் ஹல்க் ஹோகன். அப்போது அவர் உலகப் புகழ் பெற்றவரல்ல. 'ரொக்கி 3' படத்தில் வந்த உயரமான வெள்ளைக்காரர், அவ்வளவுதான்.

ஜூன் 2ஆந் திகதி, டோக்கியோவின் குராமயே சுமோ மண்டபத்தில் இறுதிப் போட்டி. இனோகியும் ஹோகனும். முடிவு என்னவென்று மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும் என்றுதான் சொல்லவேண்டும். போட்டியைக் கண்டுபிடித்தவர் இனோகி, கம்பனி இனோகியுடையது, இரண்டரை வருடம் காத்திருந்தவரும் அவரே. அவர் வெல்வார், பட்டியைத் தூக்குவார், சனம் அழும். அதைப் பார்க்கத்தான் டிக்கட் வாங்கினார்கள்.

20 நிமிடங்களுக்கு மேல் போனது. இனோகி கயிற்றுக்கு வெளியே, ரிங்கின் விளிம்பில் நின்றிருந்தார். ஹோகன் ஓடிவந்து முழங்கையை மடித்துத் தன் 'அக்ஸ் பொம்பர்' அடியை இறக்கினார். இனோகி கீழே விழுந்தார். எழும்பவில்லை. உதவியாளர்கள் தூக்கி ரிங்குக்குள் தள்ளினார்கள். குப்புறக் கிடந்தார், நாக்கு வெளியே தள்ளியிருந்தது. ஹோகன் கொண்டாடவில்லை, என்ன செய்வதென்று தெரியாதவர் போல் அங்குமிங்கும் பார்த்தார். வென்றவர் ஹோகன். இனோகியை வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள். மல்யுத்தத்தை ஏறெடுத்தும் பார்க்காத பொதுப் பத்திரிகைகளும் அதைச் செய்தியாக்கின.

அன்றிரவு தொடங்கிய வாதம் இன்னும் முடியவில்லை.

ஒரு தரப்பு சொல்வது: அது விபத்து. அடி பிழையாகப் பட்டுவிட்டது, அல்லது விழும்போது தலை அடிபட்டுவிட்டது. சாட்சி ஹோகனின் முகம். எவ்வளவு பெரிய நடிகனாலும் அப்படி ஒரு தடுமாற்றத்தைக் காட்ட முடியாது என்பார்கள்.

அடுத்த தரப்பின் சாட்சி நாக்கு. உண்மையில் மயங்கியவனின் நாக்கு தளர்ந்து தொண்டைப் பக்கம் சரியும், இப்படி வெளியே நீளாது என்பார்கள். அப்படியென்றால் ஹோகனின் முகம்? அவருக்கே சொல்லாமல் இனோகி முடிவை மாற்றிவிட்டார், அதனால்தான் அவர் திகைத்தார் என்பார்கள். ஒரே முகத்தை இரண்டு தரப்பும் தமக்குச் சாட்சியாக அழைக்கிறது. இப்படி ஒரு வழக்கை எந்த நீதிபதிதான் தீர்ப்பது?

ஏன் மாற்றவேண்டும்? அதற்கும் காரணம் சொல்கிறார்கள். எல்லோரும் எதிர்பார்க்கும் வெற்றி ஒரு நாள் செய்தி. யாரும் எதிர்பாராத தோல்வியோ நாட்டையே பேச வைக்கும். மூன்றாம் தரப்பு இன்னும் இருண்ட காரணம் சொல்லும். கரும்புச் சக்கையைத் தீவனமாக்கும் ஒரு தொழிலில் இனோகி பிரேஸிலில் பெருந்தொகைப் பணத்தைப் புதைத்திருந்தார், கடன் கழுத்தை நெரித்தது. அந்த விவகாரம் உண்மைதான். அதே வருடம் ஓகஸ்டில் கம்பனிக்குள் கிளர்ச்சி வெடித்து, இனோகி சில மாதங்கள் தலைவர் பதவியையே விடவேண்டி வந்தது.

எமக்கு இந்த வாதங்களை விட மனதில் நிற்பது வேறொன்று. கம்பனியில் இனோகிக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் செய்ஜி சகாகுச்சி, முன்னாள் ஜூடோ சம்பியன், பல வருடம் இனோகியோடு சோடி சேர்ந்து மோதியவர். மறுநாள் அவர் "மனிதர் மேல் நம்பிக்கை அற்றுவிட்டது" என்ற பொருளில் ஓரிரு சொற்களை எழுதி வைத்துவிட்டு அலுவலகத்தை விட்டுப் போனார் என்று ரசிகர்கள் இன்றும் சொல்கிறார்கள். அது மெய்யென்றால், ஏமாற்றப்பட்டது சனம் மட்டுமல்ல. உள்ளே இருந்து எல்லா முடிவும் அறிந்தவரே ஏமாந்திருக்கிறார்.

ஆனாலும் பாருங்கள், அந்த இரவு மண்டபத்தில் யாரும் கலவரம் செய்யவில்லை. திகைத்தார்கள், கவலைப்பட்டார்கள், வீட்டுக்குப் போனார்கள். கலவரம் வந்தது அடுத்த வருடம், இனோகி வென்றபோது.

1984 ஜூன் 14. அதே குராமயே மண்டபம், அதே இருவர். முன்னைய வருட வெற்றியாளர் ஹோகன் இறுதியில் காத்திருப்பார், இவ்வருட லீக்கில் முதலாவதாக வருபவர் அவரோடு மோதுவார் என்பது விதி. இடையில் ஒன்று நடந்திருந்தது. ஜனவரியில் ஹோகன் நியூயோர்க்கில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். சம்பியனாகிவிட்டார். இப்போது அவர் அமெரிக்காவின் பெரிய சொத்து. ஜப்பானில் அவரை மல்லாக்கப் போட்டுத் தோளை அழுத்தித் தோற்கடிப்பது சுலபமான காரியமல்ல. இனோகியும் இரண்டாவது தடவை தோற்க முடியாது. இருவரும் தோற்கக்கூடாத போட்டியை எப்படி முடிப்பது?

முதலில் இருவரும் ரிங்குக்கு வெளியே எண்ணப்பட்டு சமநிலை. சனம் விடவில்லை, மேலதிக நேரம் கொடுத்தார்கள். மீண்டும் அப்படியே சமநிலை. மீண்டும் நேரம். மூன்றாம் தடவை ரிக்கி சோஷு உள்ளே புகுந்தார். நியூ ஜப்பானின் கலகக்காரர், இந்தப் போட்டிக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் இருவரையும் தாக்க, ஹோகன் வெளியே கிடந்தார், இனோகி உள்ளே ஏறினார், நடுவர் எண்ணி முடித்தார். இனோகி சம்பியன்.

மண்டபம் வெடித்தது. கிடைத்ததையெல்லாம் ரிங்கை நோக்கி எறிந்தார்கள். "காசைத் திருப்பித் தா" என்று கத்தினார்கள், வெளியேற மறுத்தார்கள், மண்டபத்துக்கே சேதம் செய்தார்கள். எறிந்தவர்கள் ஹோகனின் ரசிகர்களல்ல. பெரும்பாலும் இனோகியின் ரசிகர்கள். ஒரு வருடம் முன்பு அவருக்காகக் கண்ணீர் விட்டவர்கள்.

எம் மாணவனின் கேள்விக்கு வருவோம். முடிவு முன்கூட்டியே தீர்மானமானது என்று அந்தச் சனத்துக்குத் தெரியாதா? சின்னப் பிள்ளைகளைத் தவிர அனேகருக்கு ஒரு சந்தேகமாவது இருந்திருக்கும். 1980இலேயே எழுத்தாளர் தொமொமி முராமட்சு, நான் மல்யுத்தத்தின் பக்கம் என்ற தொனியில் ஒரு நூல் எழுதி, இதை விளையாட்டா நாடகமா என்று பிரித்துப் பார்க்காமல் தனி ஒரு பொருளாகப் பார்க்கச் சொல்லியிருந்தார். வளர்ந்த, படித்த ரசிகர்கள் அதைக் கொண்டாடினார்கள். ஆகவே அவர்களின் கோபம் நடிப்பின் மேல் அல்ல. நாடகம் பார்க்கப் போனவனுக்கும் ஒரு உரிமை இருக்கிறது. கதைக்கு ஒரு முடிவு தருவதாகச் சொல்லித்தான் காசு வாங்கினீர்கள். 1983இல் தந்தது கசப்பான முடிவு, ஆனாலும் அது ஒரு முடிவு. 1984இல் தந்தது தட்டிக்கழிப்பு. எம்மைக் கேட்டால் கள்ளம் என்ற சொல் அதற்குத்தான் பொருந்தும்.

1984க்குப் பரிந்து பேசுபவர்களும் உண்டு. அக்காலத்துப் பெரிய போட்டிகளில் இப்படியான முடிவுகள் வழமை, சனம்தான் ஒரு வருடக் கனவைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்தது என்பார்கள். அதிலும் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் கம்பனி அதற்குப் பெரிய விலை கொடுத்தது. மயேதா ஏற்கெனவே போய்விட்டிருந்தார். சில மாதங்களில் சோஷுவும் தன் ஆட்களோடு வெளியேறினார். 1987 டிசம்பரில் புதிய சுமோ மண்டபமான ரியோகொகுவில் அறிவித்த போட்டியைக் குழப்பியடித்து, புதிதாக வந்த வேடர் என்பவரிடம் இனோகி சில நிமிடங்களில் தோற்றபோது மீண்டும் கலவரம். அந்த மண்டபம் நியூ ஜப்பானுக்கு ஓராண்டுக்கு மேல் கதவைச் சாத்தியது.

நம்மவர்கள் கேட்பார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறோம். 1989இல் இனோகி பாராளுமன்ற மேல்சபைக்குத் தெரிவானார். மறுவருடம் குவைத் ஆக்கிரமிப்பின்போது ஈராக்கில் ஜப்பானியர் பணயமாகப் பிடிக்கப்பட்டிருந்தார்கள். டிசம்பரில் பக்தாதில் மல்யுத்த விழா நடத்தப் போகிறேன் என்று, கைதிகளின் குடும்பத்தாரையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். இதுவும் ஒரு ஷோ என்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? நாக்கை நீட்டிய மனிதர்தானே. விழா நடந்தது, கைதிகள் குடும்பத்தோடு திரும்பினார்கள். அதே வாரம் சதாம் மற்ற நாட்டவரையும் விடுவித்ததால், இதில் இனோகியின் பங்கு எவ்வளவு என்பதிலும் வாதம் உண்டு. அந்தக் காலத்தில்தான் கர்பலாவில் இஸ்லாத்தை ஏற்று முஹம்மத் ஹுஸைன் என்ற பெயரைப் பெற்றதாக அவர் பின்னாளில் சொன்னார். பௌத்தத்தையும் தான் விடவில்லை என்றும் சொன்னார். உள்ளத்தை அல்லாஹ்வே அறிவான். 2022 ஒக்டோபர் 1இல் மரணித்தார். ஹோகன் 2025 ஜூலையில் போனார். நாக்கின் கதையைச் சந்தேகமறத் தீர்த்துவைக்கக் கூடியவர்கள் இருவரும் இன்று இல்லை.

சகாகுச்சி என்ன ஆனார் தெரியுமா? திரும்பி வந்தார். 1989இல் இனோகி அரசியலுக்குப் போனபோது நியூ ஜப்பானின் தலைவர் பதவியை ஏற்றவர் அவர்தான்.

நேற்று அந்த இரு மாணவர்களையும் கூப்பிட்டு, எமது கைத்தொலைபேசியில் 1983இன் கடைசி இரண்டு நிமிடங்களைக் காட்டினோம். "எல்லாம் நடிப்பு" என்று சிரித்தவன் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான். "சேர், ஹோகன்ட மூஞ்சப் பாருங்க. இது நடிப்பில்ல" என்றான். மற்றவன் போனைத் தன் பக்கம் இழுத்து, "மூஞ்ச விடுடா, நாக்கப் பாரு" என்றான்.

மணி அடித்த பிறகும் தாழ்வாரம் முழுக்க அவர்கள் சத்தம் கேட்டது.