ஞாயிறு பந்தயம், திங்கள் வேலை: வீதியில் ஓடும் காரை ஓட்டோகுரொஸ் போட்டிக்குத் தயார்படுத்துவது எப்படி?

ரொறன்ரோவில் இருக்கும் மகனோ பேரனோ தொலைபேசியில் "ஞாயிற்றுக்கிழமை கார் பந்தயத்துக்குப் போகிறேன்" என்று சொன்னால் இங்கே கேட்டுக்கொண்டிருப்பவருக்கு நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும். எந்தப் பந்தயம் என்று ஒரு கேள்வி கேளுங்கள். "ஓட்டோகுரொஸ்" என்றோ, கனடாவில் வழங்கும் பெயரில் "ஓட்டோஸ்லாலம்" என்றோ பதில் வந்தால் நெஞ்சில் இருந்து கையை எடுத்துவிடலாம்.

பெரிய வாகனத் தரிப்பிடம் ஒன்றிலோ பழைய விமான ஓடுபாதையிலோ செம்மஞ்சள் நிறக் கூம்புகளை வைத்து வளைந்து வளைந்து செல்லும் பாதை ஒன்றை அமைப்பார்கள். அதில் கார்கள் ஒன்றோடொன்று மோதிப் போட்டியிடுவதில்லை. ஒவ்வொன்றாக விடப்பட்டு, எடுக்கும் நேரம் கணிக்கப்படும். ஓர் ஓட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சாதாரண கார் முழுப் பாதையையும் இரண்டாம் கியரிலேயே கடக்கும். அமெரிக்க விதிப்படி ஒரு கூம்பைச் சாய்த்தால் நேரத்துடன் 2 செக்கன் சேரும். வாயில் ஒன்றைத் தவறவிட்டால் அந்த ஓட்டம் கணக்கில் இல்லை. பிரித்தானியாவில் ஓட்டோகுரொஸ் என்பது புல்வெளியிலும் அறுவடை முடிந்த வயலிலும் ஓடுவதைக் குறிக்கும். அங்கே வீதிக் கார்களுக்கு உரியது "ஓட்டோசோலோ". அவுஸ்திரேலியாவில் இதற்கு நெருங்கியது "மோட்டர்கானா".

வீதியில் வேகத்தைப் பரீட்சிப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஒன்ராறியோவின் சட்டமே சொல்லிவிடும். அங்கே 80 கிலோமீற்றருக்குக் குறைந்த வேக எல்லை உள்ள வீதியில் எல்லையைவிட 40 கிலோமீற்றர் கூடுதலாக ஓடினால், பொலிஸார் அந்த இடத்திலேயே சாரதி அனுமதிப்பத்திரத்தை 30 நாட்களுக்கு நிறுத்தி, காரை 14 நாட்களுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். குற்றம் நிரூபிக்கப்பட்டால் தண்டப்பணம் 2,000 டொலரில் தொடங்கும். இது 2021 முதல் உள்ள நிலை. இடையில் வீதியைக் கடந்த ஒருவர் அடிபட்டால் எந்தத் தண்டப்பணமும் அதை ஈடுசெய்யாது.

இந்த விளையாட்டின் வரலாற்றில் எம்மவர் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. அமெரிக்காவின் எஸ்.சி.சி.ஏ. எனப்படும் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் 1944 இல் தொடங்கப்பட்டது. 1950களின் முற்பகுதியில் அதன் பந்தயங்கள் சில குண்டுவீச்சு விமானத் தளங்களிலேயே நடந்தன. இன்று அதன் தேசிய ஓட்டோகுரொஸ் போட்டிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடும் நெப்ராஸ்காவின் லிங்கன் திடலும் முன்னாள் விமானப்படைத் தளம்தான். ஓடுபாதை என்றதும் பங்கரை நினைக்கும் தலைமுறை நாங்கள். அதே கொங்கிரீட்டில் வேறொரு ஊரில் கூம்பு வைத்து விளையாடுகிறார்கள்.

இனிக் காருக்கு வருவோம்.

முதலில் செய்யவேண்டியது எதையும் வாங்காமல் இருப்பது. கார்கள் வகுப்புகளாகப் பிரிக்கப்படும். எஸ்.சி.சி.ஏ.யின் "ஸ்ட்ரீட்" பிரிவில் சொக் அப்சோபர், காற்று வடிகட்டி, பிரேக் பாட், வினையூக்கி மாற்றிக்குப் பின்னால் உள்ள புகைக்குழாய் ஆகியவற்றை மாற்றலாம். முன்பக்கத்திலோ பின்பக்கத்திலோ ஒரு சாய்வுத்தடுப்புக் கம்பியையும் மாற்றலாம். சுருள்வில்லை மாற்றிக் காரைப் பதித்துவிட்டாலோ, இயந்திரக் கணினியின் நிரலை மாற்றினாலோ அந்தப் பிரிவில் இடமில்லை. அழகுக்காக அகலமான சில்லுப் பூட்டிய ஒருவர், முழுக்கப் போட்டிக்கென்றே மாற்றியமைத்த கார்களுடன் மோதவேண்டி வரும். ஆகவே முதலில் கழகத்தின் விதிப்புத்தகத்தைப் படியுங்கள். உயரமான ஜீப் வகைகள் கவிழக்கூடும் என்பதால் பல கழகங்கள் அவற்றை ஏற்பதில்லை.

நேரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் ரயர்தான். பக்கச்சுவரில் "ட்ரெட்வெயர்" என்ற சொல்லுடன் ஓர் எண் இருக்கும். எண் கூடினால் ரயர் நெடுநாள் உழைக்கும், பிடிப்புக் குறையும். வீட்டுக் கார்களில் 400, 500 சாதாரணம். ஸ்ட்ரீட் பிரிவில் ஆகக்குறைந்தது 200 இருக்கவேண்டும் என்பது விதி. முதல் வருடத்துக்கு இருக்கும் ரயரே போதும் என்பேன். வழுக்கத் தொடங்கும்போது அது கீச்சிட்டு முன்கூட்டியே எச்சரிக்கும். பழகுபவருக்கு அந்தச் சத்தமே ஆசிரியர். ஆனால் ரயரின் வயதைப் பாருங்கள். "டொட்" என்ற எழுத்துகளுடன் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் 2319 என்றிருந்தால், அது 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. இங்கே பழைய ரயர் வாங்குவோரும் பார்க்கவேண்டிய எண் இது.

காற்றைச் சாரதிக் கதவின் தூணில் ஒட்டியுள்ள அளவைவிட மூன்று முதல் ஐந்து இறாத்தல் கூட்டித் தொடங்குவது வழக்கம். ரயரின் தோள்பகுதியில் சோக்கட்டியால் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். ஓடி முடிந்து வந்து பாருங்கள். அங்கே அச்சிடப்பட்டுள்ள சிறிய முக்கோணத்தையும் தாண்டிக் கோடு தேய்ந்திருந்தால் ரயர் மடிகிறது, காற்றைக் கூட்டவேண்டும். முக்கோணத்துக்கு மேலேயும் சோக் மிஞ்சியிருந்தால் காற்று அதிகம். முன்சில்லு இழுக்கும் சிறிய கார்கள் வளைவில் திரும்ப மறுத்து நேரே வழுக்கும். அப்போது பின் ரயர்களுக்குச் சில இறாத்தல் கூட்டினால் பின்பக்கம் சற்று இளகி, கார் திரும்பும். காசு செலவில்லாத ஒரே திருத்தம் இதுதான்.

பிரேக்கில் ஆட்கள் வீணாகச் செலவழிக்கிறார்கள். பந்தயப் பாட்கள் சூடேறினால்தான் பிடிக்கும். ஒரு நிமிட ஓட்டத்தில் அவை சூடேறப்போவதில்லை. அதே பாட்களுடன் திங்கள் காலை பாடசாலை வாசலில் நிறுத்தப்போகும்போது கார் ஓரடி தள்ளித்தான் நிற்கும். நல்ல வீதிப் பாட் போடுங்கள், பிரேக் ஒயிலை மாற்றுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 3 ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரம். ஈரம் ஏறியதும் அந்த எல்லை 140 ஆகிவிடும். டொட் 4 இல் 230, பின்னர் 155. கொதித்தால் குழாயில் ஆவி உண்டாகி, மிதி தரைவரை போகும்.

பின்னர் ஜக் அடித்து ஒவ்வொரு சில்லையும் தூக்குங்கள். கீழே தாங்கி வையுங்கள், ஜக்கை மட்டும் நம்பவேண்டாம். சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பெயாரிங் அல்லது போல் ஜொயின்ற் தேய்ந்திருக்கிறது. இடமும் வலமுமாகப் பிடிக்கும்போது ஆடினால் ஸ்டியரிங் முனைகளைப் பாருங்கள். கிழிந்த றப்பர் உறை, ஒயில் கசிந்த சொக் அப்சோபர், நூல் தெரியும் ரயர் எதுவும் பரிசோதகரின் கண்ணுக்குத் தப்பாது, தப்பவும் கூடாது. சில்லு நட்டுகள் அனைத்தும் இருக்கவேண்டும். நீண்ட கம்பியால் ஏறி மிதித்து இறுக்குவது இங்கே கராஜ்களில் வழக்கம். அது போல்ற்றை இழுத்துப் பலவீனப்படுத்தும். முறுக்குவிசை காட்டும் சாவியால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். பெரும்பாலான ரொயோட்டாக்களுக்கு அது 103 நியூட்டன் மீற்றர்.

சில்லை மேற்பக்கம் உள்நோக்கிச் சாய்த்து வைத்தால் வளைவில் பிடிப்புக் கூடும். ஆனால் தினமும் வேலைக்கு ஓடும் காரில் அளவுக்கு மீறினால் ரயரின் உள்விளிம்பு தேய்ந்துவிடும்.

இயந்திரத்தில் கை வைக்கவேண்டாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்கள் எமது மெக்கானிக்மார். மாற்றியமைக்கும் திறமை எமக்குப் புதிதல்ல. அன்று வேறு வழியிருக்கவில்லை. இங்கே அந்தத் திறமையைக் காட்டினால் வகுப்பு மாறும், வேறொன்றும் நடக்காது. ஒயிலை மேற்கோடு வரை நிரப்புங்கள். பெற்றோல் அரைத்தாங்கி போதும். அதைவிட மிகவும் குறைந்தால் வளைவில் ஒருபக்கம் ஒதுங்கி, இயந்திரம் விக்கும்.

போட்டியன்று காரில் இருக்கும் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். சாரதியின் கால்விரிப்பு, தண்ணீர்ப் போத்தல், பிள்ளையின் இருக்கை, பின்பெட்டியில் உள்ள மேலதிகச் சில்லு, சில்லு மூடி எல்லாமே. மிதிக்குக் கீழே உருண்டு வந்த ஒரு போத்தல் போதும். பற்றரி அசையாமல் பூட்டப்பட்டிருக்கவேண்டும். ஸ்னெல் முத்திரையுள்ள தலைக்கவசம் தேவை. பல கழகங்கள் இரவல் தரும். செருப்புடன் ஓட விடமாட்டார்கள்.

பாதையை நடந்து பார்க்க நேரம் தருவார்கள். மூன்று தடவையாவது நடவுங்கள். ஓடும்போது பக்கத்தில் உள்ள கூம்பைப் பார்க்காமல் அடுத்த வாயிலைப் பாருங்கள். புதியவர் ஒருவருக்கு இந்தப் பழக்கம் மட்டும் செக்கன் கணக்கில் நேரத்தைக் குறைக்கும். எந்த உதிரிப்பாகமும் அவ்வளவு தராது. அனுபவசாலி ஒருவரைப் பக்கத்தில் இருத்தி ஓடக் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். மற்றவர் ஓடும்போது விழுந்த கூம்பை நிமிர்த்துவது உங்கள் வேலையாகும். அப்போது ஓடிவரும் காருக்கு முதுகைக் காட்டக்கூடாது.

காப்புறுதிப் பத்திரத்தை முன்கூட்டியே வாசியுங்கள். நேரம் கணிக்கும் போட்டிகளில் ஏற்படும் சேதத்தைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. கழகத்தின் காப்புறுதி பெரும்பாலும் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கே, உங்கள் காருக்கு அல்ல.

வீட்டுக்குப் புறப்படுமுன் நட்டுகளை மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள். காற்றைத் தூணில் உள்ள அளவுக்குக் குறையுங்கள். கதவில் ஒட்டிய இலக்கத்தை உரித்துவிடுங்கள், இலக்கத்துடன் நெடுஞ்சாலையில் போகும் காரைப் பொலிஸார் தனியாகக் கவனிப்பார்கள். பிள்ளையின் இருக்கையைத் திரும்பப் பூட்டி, பட்டியை இழுத்துப் பாருங்கள்.