மரை கழண்ட துப்பாக்கியும் கருங்குழி லேத் பட்டறையும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸில் ஆணி அதிகம். இந்தப் பதிவும் ஆணியைப் பத்தினதுதான். திருகாணி :-)

போன ஞாயிற்றுக்கிழமை வேடந்தாங்கல் போகலாம்னு பைக்கை எடுத்தேன். முந்தின நாள் ராத்திரிதான் நானே ஸ்பார்க் பிளக் மாத்தியிருந்தேன். மெக்கானிக்கல் படிச்சவனாச்சே, இதுக்கெல்லாம் மெக்கானிக்கா? வந்தது வினை. படாளம் திருப்பத்தைக் கவனிக்காம தாண்டி கருங்குழிக்கே வந்துட்டேன். அங்கே 'பட்'டுனு ஒரு சத்தம், வண்டி அவுட். பிளக் துளையை விட்டு எகிறி ஒயரில் தொங்கிட்டிருந்தது. கோணலா வச்சு முறுக்கினதில் அலுமினிய ஹெட்டில் இருந்த மரை மொத்தமா வழிச்சுட்டு வந்திருக்கு. தள்ளிக்கிட்டே போய் ஒரு லேத் பட்டறையில் நிறுத்தினேன்.

பெரியவர் எட்டிப் பார்த்துட்டுக் கேட்டார்: "யாரு தம்பி முறுக்கினது?"

"நான்தாங்க."

"மரை போச்சு. பெருசா ட்ரில் போட்டு, மரை வெட்டி, புஷ் போடணும். ரெண்டு மணி நேரம் ஆகும். போய் டீ குடிச்சுட்டு கோட்டைப் பக்கம் சுத்திட்டு வாங்க."

வேற வழி? போனேன். (வள்ளலார் தங்கியிருந்த கருங்குழி இதான்னு நினைச்சுடாதீங்க. அது வடலூர் பக்கத்தில். இது மதுராந்தகத்துக்கு முன்னாடி, ஜிஎஸ்டி ரோட்டில் இருப்பது.)

இன்னைக்குப் பார்த்தா நம்பமாட்டீங்க, ஆனா கர்நாடகப் போர்களில் இந்தக் கோட்டைக்கு நல்ல மவுசு. வெள்ளைக்காரன் எழுத்தில் 'காரங்கூலி'. 1759 டிசம்பரில் அயர் கூட் இதை பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தார். அடுத்த மாதமே, 1760 ஜனவரி 22 அன்று, பக்கத்தில் வந்தவாசியில் பிரெஞ்சு ஆதிக்கத்தின் முதுகெலும்பை உடைத்த அந்தச் சண்டை. இருபத்தோரு வருஷம் கழித்து அதே கூட், அதே கோட்டை, எதிரி மட்டும் ஹைதர் அலி. 1781 ஜனவரியில் கேப்டன் டேவிஸ் தலைமையில் ஒரு படையை அனுப்பினார். விடியும் முன்னாடி போய் வெடிமருந்து வைத்து கோட்டைக் கதவுகளைத் தகர்த்து உள்ளே நுழைந்தார்கள். சில நாளில் வந்தவாசி முற்றுகையையும் ஹைதர் படை கைவிட்டது.

கூட் பெயர் இருக்கு, டேவிஸ் பெயர் இருக்கு. மண் மேட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போ என் பைக் ஞாபகம்தான் :-( அந்தப் பீரங்கிகளுக்கு மரை கழண்டா யார் பார்த்திருப்பாங்க?

சிரிக்காதீங்க, நிஜமாவே அப்படி ஒரு ரிப்பேர் இருந்தது. அந்தக் காலப் பீரங்கியின் பின்பக்கம் மேலே ஒரு சின்னத் துளை இருக்கும். தீ வைக்கும் துளை. பிரிட்டிஷ் கணக்கில் 0.2 அங்குலம், அதாவது சுமார் 5 மில்லிமீட்டர். டன் கணக்கில் எடையுள்ள பீரங்கிக்கும் உயிர்நாடி இதுதான். ஒவ்வொரு முறை சுடும்போதும் கொதிக்கும் வாயு இதன் வழியா பீய்ச்சி அடிக்கும். வெண்கலம்னா செம்பும் வெள்ளீயமும் கலந்தது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிடும். சுடச்சுட துளை அரித்து அகலமாகும், வெடியின் வேகம் அந்த வழியா வீணாகும், பக்கத்தில் நிற்பவனுக்கும் ஆபத்து.

வைத்தியம் என்ன தெரியுமா? தேய்ந்த துளையை இன்னும் பெருசாக்கி, மரை வெட்டி, சுத்தமான செம்பில் ஒரு புஷ் செய்து முறுக்கி, அதன் நடுவில் சரியான அளவுக்குப் புதுத் துளை. செம்பு உருக 1085 டிகிரி வேணும், அதனால் தாக்குப்பிடிக்கும். பின்வாங்கி ஓடும் படை அதே துளையில் ஆணியை அறைந்து தலையை உடைத்துவிட்டுப் போவதும் உண்டு. பிடித்தவன் அதைத் துளைத்து எடுப்பான், இல்லாட்டி பக்கத்தில் புதுசா துளை போடுவான்.

பெரியவர் சொன்ன அதே மேட்டர்தானே?

இதில் ஒரு சிக்கல். அந்தக் காலத்தில் ஒவ்வொரு மரைக்கும் ஒரே ஜோடிதான். இந்தப் பட்டறை ஆணி அந்தப் பட்டறைத் துளையில் போகாது. 1800 வாக்கில் ஹென்றி மாட்ஸ்லே லேத்தில் துல்லியமா மரை வெட்டிக் காட்டினார். அவர் பட்டறையில் வேலை செய்த ஜோசப் விட்வொர்த் 1841இல், எல்லா மரைக்கும் 55 டிகிரி கோணம், இந்த விட்டத்துக்கு அங்குலத்துக்கு இத்தனை சுற்றுன்னு பொது அளவு கொண்டுவந்தார். நம்ம பாஷையில் சொன்னா முதல் ஸ்டாண்டர்ட் புரோட்டோகால்!

இதே விட்வொர்த்தான் அப்புறம் அறுகோணக் குழல் வைத்த துப்பாக்கி செய்தார். அதன் பக்கவாட்டில் மாட்டுற தொலைநோக்கியை உருவாக்கியவர் டேவிட்சன், நம்ம பம்பாய்ப் படையில் அதிகாரியா இருந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் குறிபார்த்துச் சுடுபவர்கள் இந்த ஜோடியைப் பயன்படுத்தினாங்க. தொலைநோக்கியைத் துப்பாக்கியில் மாட்டின அன்னைக்கே வந்துடுச்சு அடுத்த தலைவலி. அதைப் பிடிச்சு வைக்க ஸ்க்ரூ வேணும், ஸ்க்ரூவுக்குத் துளை வேணும்.

இரண்டாம் உலகப்போரில் லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 (டி) துப்பாக்கியை எடுத்துக்குங்க. 1942 முதல் லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி, நல்லாச் சுடும் .303 ரைஃபிள்களைப் பொறுக்கி தொலைநோக்கி மாட்டிக் கொடுத்தது. ரிசீவரின் இடதுபக்கம் இரண்டு எஃகுத் தட்டுகளை ஸ்க்ரூ போட்டு, ஈயப்பற்றும் வைத்துப் பதிப்பாங்க. தொலைநோக்கியின் நம்பரைத் துப்பாக்கியின் கட்டையிலும், துப்பாக்கியின் நம்பரைத் தொலைநோக்கிப் பிடியிலும் குத்திடுவாங்க. ஜோடி மாறக்கூடாது. அப்படியும் சுடச்சுட தட்டு தளரும். தொலைநோக்கியும் பிடியும் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு கிலோ. ஒவ்வொரு பின்னுதைப்பிலும் அந்த ஒரு கிலோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும், துப்பாக்கி மட்டும் பின்னால் பாயும். நடுவில் மாட்டிக்கிட்டு அடி வாங்குறது மரைதான்.

ஒரு சின்னக் கணக்கு. 10 சென்டிமீட்டர் நீளமுள்ள பிடியின் ஒரு முனை 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தா 100 மீட்டரில் குண்டு 10 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். சுடுபவன் தன் கையை நொந்துக்குவான். குத்தம் துளையில்!

சரி, மரை போனா? முதல் வழி, ஒரு சைஸ் பெரிய ஸ்க்ரூ. அமெரிக்க வேட்டைத் துப்பாக்கிகளில் தொலைநோக்கிப் பிடிக்கு வழக்கமா 0.138 அங்குல ஸ்க்ரூ, அங்குலத்துக்கு 48 சுற்று. அது வழிச்சுட்டா 0.164 அங்குலம், 40 சுற்று. மரையும் பருமனாகும், பிடியின் துளையையும் பெருசாக்கணும். இரண்டாவது வழி, துளையைப் பெருசாக்கி எஃகு புஷ்ஷோ, ஸ்ப்ரிங் மாதிரி சுத்தின கம்பி மரையோ (ஹெலிகாயில்) வைக்கிறது. மூன்றாவது, வெல்டிங்கில் துளையை அடைச்சு மறுபடி துளைக்கிறது. கடைசி வழிதான் டேஞ்சர். ரிசீவரின் எஃகு பக்குவமா சூடுபடுத்திக் கடினமாக்கினது. வெல்டிங் சூட்டில் அந்தப் பக்குவம் கெட்டா, முகத்துக்குப் பக்கத்தில் வெடிக்கிற அழுத்தத்தை அது தாங்காது. இன்னொண்ணு, குண்டறைக்கு மேலே இருக்கிற துளையை ஆழமாக்கவே கூடாது, மரை பத்தலைன்னாலும். எங்கே நிறுத்தணும்னு தெரிஞ்சவன்தான் வேலைக்காரன்.

நம்ம ஊரில் துப்பாக்கித் தொழிற்சாலை திருச்சியில் இருக்கு, 1966இல் தொடங்கினது. தொழிற்சாலையில் செய்வதை நாம பெருமையா பேசுறோம். தேய்ந்ததைச் சரிசெய்றவனை யார் பேசுறா? கூட்டின் பீரங்கிக்குச் செம்பு புஷ் போட்டவன் நம்ம ஊர்க் கருமானா, வந்தவனா, எந்தப் புத்தகத்தில் அவன் பெயர் இருக்கு? அந்த 5 மில்லிமீட்டர் துளை சரியா இல்லைன்னா தளபதியின் வீரம் புகையாத்தானே போகும்?

திரும்பி வந்தப்போ பெரியவர் பிளக்கைக் கையாலேயே முறுக்கிக்கிட்டிருந்தார். ஸ்பேனர் கடைசிக் கால் சுத்துக்குத்தான்.

"மொதல்ல வெரலால சுத்துங்க தம்பி. கை சொல்லும் சரியா போகுதா இல்லியான்னு. ஸ்பேனருக்கு ஒண்ணும் தெரியாது."

நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சப்போ இதை யாரும் எனக்குச் சொல்லலை. காசு கொடுத்துட்டு பெயரைக் கேட்டேன். "எதுக்கு தம்பி?"ன்னு சிரிச்சார். சொல்லலை.

டிஸ்கி: யாரும் வீட்டில் துப்பாக்கியைக் கழட்டி சோதனை பண்ணாதீங்க சாமி. 1959 ஆயுதச் சட்டப்படி அடுத்தவங்க துப்பாக்கியை ரிப்பேர் பண்ற தொழிலுக்கே லைசென்ஸ் வேணும். பைக் பிளக்கில் பழகிக்கோங்க, விரலால் :-)