2.9 × 10¹⁸ எந்த வளையத்தின் எண்? போடி மலைக்கான பீட்டா கற்றையும் கொத்தின் நிலையின்மையும்

ஜெனீவாவின் செர்னிலிருந்து, போடி மலையில் திட்டமிடப்பட்ட இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்குப் பீட்டா கற்றை (வளையத்தில் சுற்றும் கதிரியக்க அயனிகளின் சிதைவில் பிறக்கும் நியூட்ரினோக் கற்றை) அனுப்புவது பற்றிய கட்டுரைகளில் இரண்டு எண்கள் பூர்வீகச் சொத்துபோலக் கைமாறி வந்திருக்கின்றன. ஆண்டுக்கு 2.9 × 10¹⁸ எதிர்நியூட்ரினோச் சிதைவுகள், 1.1 × 10¹⁸ நியூட்ரினோச் சிதைவுகள். முதலாவது லித்தியம்-8க்கு, இரண்டாவது போரான்-8க்கு என்று அட்டவணையில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அலைவு நிகழ்தகவுக்குப் போய்விடுவார்கள். இந்த எண்களை முடுக்கி தரும் கொடை என்று வாசிப்பது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். அவை கற்றை எவ்வளவு நிலையாக நிற்கும் என்ற கேள்விக்கான விடைகள். அந்தக் கேள்வி வேறொரு வளையத்துக்கு, வேறு அயனிகளை வைத்துக் கேட்கப்பட்டது.

எண்களின் பிறப்பிடம் யூரிசால் என்ற ஐரோப்பியப் பீட்டா கற்றை வடிவமைப்பு. அங்கே அயனிகள் ஹீலியம்-6, நியான்-18, காமா (அயனியின் ஆற்றலை அதன் ஓய்வு ஆற்றலால் வகுத்தது) 100, வளையத்தின் சுற்றளவு ஏறக்குறைய 7 கி.மீ.; கண்டுணர் கருவி 130 கி.மீ. தொலைவில் ஃபிரேயூசில். போடிக்கான கட்டுரைகளில் காமா 350இலிருந்து மேலே போகிறது, அயனிகளும் மாறுகின்றன. ஆய்வகத்துக்கு முதலில் எண்ணிய களமான சிங்காராவுக்கு 7,152 கி.மீ. என்றிருந்த தொலைவு, களம் போடிக்கு அருகிலுள்ள பொட்டிபுரத்துக்கு மாறியபின் ஏறத்தாழ 7,300 ஆனது. திண்டுக்கல்லில் பேருந்து ஏறினால் வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி தாண்டி எட்டிவிடும் அந்த மலையடிவாரத்துக்கு, ஜெனீவாவிலிருந்து வரும் கற்றை தரைக்குக் கீழிருந்து 35 பாகைச் சாய்வில் மேலேறி வரவேண்டும். வளையத்தையும் அதே அளவு சாய்க்கவேண்டும். யூரிசால் வளையத்தின் 2.5 கி.மீ. நேர்ப்பகுதியை அப்படிச் சாய்த்தாலே அதன் ஒரு முனை மற்றதைவிட 1.4 கி.மீ. ஆழத்தில் கிடக்கும். இவ்வளவும் மாறியிருக்க, சிதைவு எண்கள் மட்டும் தசமப் புள்ளி நகராமல் நிற்கின்றன.

எண்களைக் கட்டுப்படுத்துவது எது? வளிமண்டல நியூட்ரினோக்களின் இரைச்சலை ஒதுக்க, வளையத்தின் அரை சதவீத நீளத்தில் மட்டுமே அயனிகள் இருக்கவேண்டும் என்று யூரிசால் விதித்தது. அதனால் எல்லா அயனிகளும் 20 குட்டைக் கொத்துகளுக்குள் திணிக்கப்படுகின்றன. கொத்தின் தலைப்பகுதி குழாய்ச் சுவரில் ஒரு மின்காந்தச் சுவட்டை விட்டுச் செல்கிறது. அது வாலைப் பக்கவாட்டில் உதைக்கிறது. சிங்க்ரோட்ரான் அலைவு (கொத்துக்குள் அயனிகள் முன்னும் பின்னும் ஊசலாடுவது) காரணமாகத் தலையும் வாலும் அடிக்கடி இடம் மாறுவதால்தான் கொத்து பிழைக்கிறது.

தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கமிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முன்னால் நடப்பவர் கிளப்பும் புழுதி பின்னால் வருபவரின் மூக்கில் ஏறும். அவ்வப்போது முன்வரிசையும் பின்வரிசையும் மாறிக்கொண்டால் எல்லாரும் ஒட்டன்சத்திரம் தாண்டிவிடலாம். மாறுவதற்குள் மூச்சு முட்டினால் கூட்டம் கலையும். (உவமையின் குறை: புழுதி பட்டவர் முன்னே வந்ததும் தும்மி முடித்திருப்பார். அயனியோ பட்ட உதையை மறப்பதில்லை. ஆடிக்கொண்டே தலைமைக்கு வருகிறது.) ஆக, ஒரு கொத்தில் எத்தனை அயனிகள் என்பதற்கும் இடமாற்றத்தின் வேகத்துக்கும் இடையிலான போட்டியே வரம்பைத் தீர்மானிக்கிறது.

இனி, எண்களை மாற்றாமல் அயனிகளை மட்டும் மாற்றினால் நேர்வதைக் கணக்கிடலாம். ஓர் அயனி பெறும் உதையின் விளைவு மின்னேற்ற எண்ணின் வர்க்கத்தை நிறை எண்ணால் வகுத்ததற்கு நேர்விகிதம். ஹீலியம்-6க்கு இது 0.67, லித்தியம்-8க்கு 1.13, நியான்-18க்கு 5.56, போரான்-8க்கு 3.13. அதே சிதைவு வீதத்துக்கு வளையத்தில் இருக்கவேண்டிய அயனிகள் ஆயுளுக்கு நேர்விகிதம். அரைவாழ்வுகள் முறையே 0.81, 0.84, 1.67, 0.77 நொடிகள். இரண்டையும் பெருக்கினால், ஹீலியத்துக்குப் பதில் லித்தியம் போடும்போது நிலையின்மை 1.76 மடங்கு நெருங்கி வருகிறது. நியானுக்குப் பதில் போரான் போடும்போது கால் பங்காகக் குறைகிறது. ஓர் எண் இறுகுகிறது, மற்றது தளர்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதுவே போதும்.

காமா உயர்வது கணக்கைத் தளர்த்தும் என்பார்கள். அயனி விறைப்பாகிறது, உண்மைதான். ஆனால் அதே விகிதத்தில் ஆயுளும் நீள்வதால், அதே வீதத்துக்கு அதே அளவு கூடுதல் அயனிகள் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. மிஞ்சுவது இடமாற்றத்தின் தளர்ச்சி. கொத்தைப் பிடித்துவைக்கும் ரேடியோ அதிர்வெண் மின்னழுத்தம் மாறாதிருந்தால் சிங்க்ரோட்ரான் அலைவு காமாவின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மெதுவாகும். 100இலிருந்து 350க்குப் போகையில் 1.87 மடங்கு. இதையும் சேர்த்தால் லித்தியத்தின் நெருக்கடி 3.3 மடங்கு, போரானுடையது பாதி. சுற்றளவு, சுவரின் தன்மை ஆகியவற்றை மாறாதவையாக வைத்தே இந்தக் கணக்கு. பெரிய வளையத்தில் இவை இடம்பெயரும், ஆகவே 3.3 என்பதை இரண்டாம் தசமம் வரை யாரும் நம்பவேண்டாம். லித்தியம், போரான் இரண்டின் போக்கும் எதிரெதிர் என்பதை மட்டும் நம்பலாம்.

பின்னூட்டக் கருவி பார்த்துக்கொள்ளும் என்ற பதிலைக் கருத்தரங்குகளில் கேட்டிருக்கிறேன். இந்தோரின் இன்டஸ்-2 வளையத்தைச் சான்றாகக் காட்டுவார்கள். 172.47 மீட்டர் சுற்றளவு, 505.8 மெகாஹெர்ட்ஸ், கொத்துகளுக்கு 291 இருக்கைகள். இரண்டு நானோநொடிக்கு ஒரு கொத்து. அங்கே ஒரு கொத்து அடுத்த கொத்தை ஆட்டுவதைக் கொத்துக்குக் கொத்து அளந்து, எதிர் உதை கொடுத்து அடக்குகிறார்கள். அது அருமையான வேலை. ஆனால் அது கொத்தின் மையம் நகர்வதைப் பார்த்துச் செயல்படுகிறது. நம் கொத்திலோ தலை ஒரு பக்கமும் வால் மறுபக்கமும் ஆடுகின்றன; மையம் ஏறக்குறைய அசையாமலே இருக்கலாம். காணாததை எப்படி அடக்குவது? எண்முனைக் காந்தங்களால் லாண்டாவ் தணிப்பைக் கூட்டலாம் என்ற யோசனையை இங்கே விரிக்கவில்லை.

வேறு வழி உண்டு, அது கண்டுணர் கருவியின் பக்கம் இருக்கிறது. அரை சதவீத நிபந்தனை எங்கிருந்து வந்தது? ஃபிரேயூசில் ஹீலியம்-6 தரும் எதிர்நியூட்ரினோவின் ஆற்றல் 0.7 கிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் போகாது. வளிமண்டல இரைச்சல் மிகுந்த இடம் அது. லித்தியம்-8 தருவது காமா 350இல் 9 வரை எட்டும். வளிமண்டலப் பாய்வு அங்கே ஆற்றலோடு செங்குத்தாகச் சரிகிறது. அதோடு, போடிக்குத் திட்டமிட்ட 50 கிலோடன் காந்த இரும்புக் கருவி மியூவானின் திசையையும் மின்னேற்றக் குறியையும் சொல்லும். கற்றை வரும் திசையைச் சுற்றி 15 பாகைக் கூம்புக்குள் விழுவதை மட்டும் எடுத்தால், வானக் கோளத்தில் அறுபதில் ஒரு பங்குதான் மிஞ்சும். பிறகு அரை சதவீதத்தைப் பிடித்துத் தொங்குவானேன்? 20 கொத்துகளை 66 ஆக்கினால் நிரப்பு 1.7 சதவீதம், ஒவ்வொரு கொத்தும் பழைய ஹீலியக் கொத்தின் நெருக்கடிக்கே திரும்பும். கொத்துகள் கூடும்போது ஒன்றையொன்று ஆட்டும் என்பது சரிதான். அதற்குத்தான் இந்தோர் வகைப் பின்னூட்டம் இருக்கிறது. அடக்க முடியாத நிலையின்மையைக் கொடுத்து, அடக்கத் தெரிந்த ஒன்றை வாங்கிக்கொள்கிறோம்.

2012இல் தீட்டா-13 என்ற நியூட்ரினோக் கலப்புக் கோணம் பெரியது என்று தெரிந்தபின் இந்தப் பேச்சே பழங்கதை என்பார்கள். கற்றைக்கான தேவை குறைந்தது. தவறாக வாசித்த அட்டவணை அதனால் சரியாகிவிடவில்லை. அந்த இரண்டு எண்களும் இன்றும் மேற்கோளாக வந்துகொண்டுதான் இருக்கின்றன. இனி அவற்றை எடுத்தாளுபவர் பக்கத்தில் இன்னொரு பத்தியைச் சேர்த்து, எத்தனை கொத்துகள், என்ன மின்னழுத்தம் என்று எழுதட்டும்.