இடிப்புயலைப் பின்தொடர்தல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுவே, டெக்சாஸ் முதல் டகோட்டா மாநிலங்கள் வரை பரந்து கிடக்கும் பெருஞ்சமவெளியில், வசந்த காலத்தில் உக்கிரமாக எழும் சுழல் இடிப்புயல்களை மோட்டார் வாகனத்தில் பின்தொடர்ந்து ஆராயும் முயற்சி இது. மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று மேற்கத்திய வறண்ட காற்றைச் சந்திக்க, உயரத்திற்கேற்பக் காற்றின் திசையும் வேகமும் மாறுபடுங்கால், மேலெழும் காற்றோட்டம் முழுவதுமே பம்பரம் போலச் சுழன்று, மணிக்கணக்கில் நிலைத்து, பெரிய ஆலங்கட்டிகளையும், சில சமயம் டொர்னாடோ என்னும் சுழற்காற்றையும் பிறப்பிக்கும். இத்தகைய புயலுக்குச் ‘சூப்பர்செல்’ என்று பெயரிட்டவர் ஆங்கில வானிலை அறிஞர் கீத் பிரவுனிங்.

1973 மே 24 அன்று ஒக்லஹோமாவின் யூனியன் சிட்டியைத் தாக்கிய சுழற்காற்றை, தேசியக் கடும்புயல் ஆய்வுக்கூடத்தார் அருகிலிருந்து படம்பிடித்தபோதே டாப்ளர் ராடாரும் நோக்கிக்கொண்டிருந்தமையால், கண் கண்டதும் கருவி கண்டதும் ஒப்பிடப்பெற்றன. சாகசமாயிருந்தது சாஸ்திரமாயிற்று என்று துணிந்து கூறலாம்.

புயல்கள் பெரும்பாலும் வடகிழக்கு நோக்கி நகர்தலின், மழை மறைக்காத தென்கிழக்குப் புறத்தில் நின்று, விலகியோடத் தக்க சாலையொன்றை முன்னமே தெரிந்துகொள்வது அனுபவசாலிகளின் நியமம். ஆயினும், 2003-இல் தெற்கு டகோட்டாவின் மான்செஸ்டரில், சுழற்காற்றின் பாதையில் தாம் வைத்த கருவியால் 100 மில்லிபார் அழுத்த வீழ்ச்சியைப் பதிவு செய்த டிம் சமராஸ், 2013 மே 31 அன்று ஒக்லஹோமாவின் எல் ரீனோ அருகே, 4 கிலோமீட்டருக்கும் மேல் அகன்ற சுழற்காற்று திடீரெனத் திசையும் வேகமும் மாறியதால், மகன் பாலுடனும் தோழர் கார்ல் யங்குடனும் உயிர் நீத்தார்.